எல்எம்1875 ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயர்: ஹம்மிங், சூடு, கிழியும் பாஸ்

புதுச்சுருள்:
வணக்கம். நானே கூட்டிய முதல் ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயர் இது. 15-0-15 வோல்ட், 3 ஆம்பியர் டிரான்ஸ்ஃபார்மர், ஏசியை டிசியாக்கும் பிரிட்ஜ், பக்கத்துக்கு 4700 மைக்ரோ ஃபாரட் கெபாசிட்டர், சேனலுக்கு ஒரு எல்எம்1875 பவர் ஐசி. ஸ்பீக்கர்கள் 8 ஓம். முன்னால் டிஎல்072 ஆப் ஆம்ப் ஐசி வைத்த பாஸ், டிரெபிள் போர்டு (டோன் போர்டு). அதற்கும் முன்னால், உள்ளீட்டிலேயே, 100 கிலோ ஓம் வால்யூம். பெட்டி முழுக்க மரம். உட்புறப் படமும் போட்டிருக்கிறேன்.

பாட்டு வருகிறது, ஆனால் நிம்மதி இல்லை. வால்யூமைப் பூஜ்யத்தில் வைத்தாலும் ஹம்மிங் நிற்கவில்லை. பாஸை முக்கால்வாசிக்கு மேல் திருப்பினால், குறைந்த ஒலியிலேயே சத்தம் கிழிகிறது. டிரெபிளை நடுவில் வைத்தால் பாட்டு போர்வை போர்த்தியது போல மந்தமாகக் கேட்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, வலது ஐசி பாட்டே ஓடாதபோதும் தொட முடியாத சூடு. டோன் போர்டைக் கழற்றி எறிந்துவிட்டு, கடையில் தயாராகக் கிடைக்கும் ஒன்றை வாங்கிவிடலாமா?

ஈயப்புகை:
எறிய வேண்டாம். நீங்கள் சொன்ன நான்கும் நான்கு தனித்தனி நோய்கள். புது போர்டு வாங்கினாலும் அவற்றில் இரண்டு உங்களோடேயே இருக்கும்.

முதலில் ஸ்பீக்கர்களைக் கழற்றிவிடுங்கள். பின்வருவனவற்றை அளந்து எழுதுங்கள்: இரு பக்க மின்னழுத்தம், இரு சேனல் வெளியீட்டிலும் டிசி, பாட்டு இல்லாதபோது ஒவ்வொரு ஐசியும் இழுக்கும் மின்னோட்டம். மின்னோட்டத்துக்கு நேர் பக்க வயரை ஓரிடத்தில் பிரித்து மீட்டரைத் தொடராகக் கோக்க வேண்டும். மீட்டரை 10 ஆம்பியர் துளைக்கு மாற்றிக்கொள்ளுங்கள், இல்லையென்றால் அதன் ஃபியூஸ் போய்விடும்.

இன்னொன்று. ஹம்மிங் எப்படிக் கேட்கிறது? "ம்ம்ம்" என்றா, "ர்ர்ர்" என்றா? இது விளையாட்டுக் கேள்வி அல்ல. ஆழமான "ம்ம்ம்" மின்கம்பியின் 50 ஹெர்ட்ஸ், வெளியிலிருந்து ஒட்டிக்கொண்டது. கரகரப்பான "ர்ர்ர்" 100 ஹெர்ட்ஸும் அதன் மடங்குகளும். உங்கள் பிரிட்ஜும் கெபாசிட்டரும் செய்கிற வேலை. 60 ஹெர்ட்ஸ் மின்சாரம் உள்ள இடமானால் 60, 120 என்று படித்துக்கொள்ளுங்கள்.

புதுச்சுருள்:
அளந்துவிட்டேன். மின்னழுத்தம் +21.8, −21.6. வெளியீட்டு டிசி இடது 8 மில்லிவோல்ட், வலது 40-க்கும் 70-க்கும் இடையே ஓரிடத்தில் நிற்காமல் அலைகிறது. மின்னோட்டம் இடது 68 மில்லி ஆம்பியர், வலது 240. ஹம்மிங் "ர்ர்ர்" தான். வால்யூமைத் திருப்பினால் அது கூடுவதும் இல்லை, குறைவதும் இல்லை. வால்யூமின் உலோகத் தண்டைத் தொட்டால் அதோடு சேர்ந்த ஒரு மெல்லிய "ம்ம்ம்" மட்டும் குறைகிறது.

ஈயப்புகை:
நல்லது, பாதி வேலை முடிந்தது.

இடது சரியாக இருக்கிறது. எல்எம்1875 சும்மா இருக்கும்போது 70 மில்லி ஆம்பியர் அளவில் இழுப்பது வழக்கம். உங்கள் மின்னழுத்தத்துக்கு அது சுமார் 3 வாட். ஹீட் சிங்க் வெதுவெதுப்பாக இருக்கும், அவ்வளவுதான். வலது 240 இழுக்கிறது, டிசியும் அலைகிறது என்றால் ஐசி காதுக்கு எட்டாத அதிர்வெண்ணில் தானே அலைந்துகொண்டிருக்கிறது. ஆசிலேஷன். சத்தம் வராது, சூடு மட்டும் வரும்.

வெளியீட்டிலிருந்து தரைக்குத் தொடராகப் போகும் 1 ஓம் ரெசிஸ்டரையும் 0.22 மைக்ரோ ஃபாரட் கெபாசிட்டரையும் பாருங்கள். ஸோபெல் என்று சொல்வார்கள், ஐசியை அலையாமல் பிடித்து நிறுத்தும் ஜோடி. இரண்டு சேனலிலும் கெபாசிட்டர் மேல் அச்சிட்ட எண் என்ன? சரியாக இருந்தால் 224. பெருக்கத்தைத் தீர்மானிக்கும் ஃபீட்பேக் ரெசிஸ்டர்களின் மதிப்பையும் சொல்லுங்கள். இந்த ஐசி 10 மடங்குக்குக் குறைவான பெருக்கத்தில் நிலையாக நிற்காது.

புதுச்சுருள்:
ஃபீட்பேக் இரண்டிலும் 20 கிலோ ஓம், 1 கிலோ ஓம். இடது சேனல் கெபாசிட்டரில் 224. வலதில் 221! இரண்டும் ஒரே நிறம், ஒரே அளவு.

ஈயப்புகை:
பிடிபட்டது. 224 என்றால் 22-க்குப் பின்னால் நான்கு பூஜ்யங்கள், பிகோ ஃபாரடில்: 2,20,000, அதாவது 0.22 மைக்ரோ ஃபாரட். 221 என்றால் வெறும் 220 பிகோ ஃபாரட். ஆயிரத்தில் ஒரு பங்கு. ஸோபெல் இல்லாததற்குச் சமம். மாற்றுங்கள். கையோடு இரு ஐசிகளின் மின்சாரக் கால்களிலும், காலுக்கு ஒட்டினாற்போல, 0.1 மைக்ரோ ஃபாரட் இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு விரல் நீள வயருக்கு அப்பால் இருக்கும் 4700 இந்த வேலைக்கு உதவாது.

ஹீட் சிங்க் பற்றியும் ஒரு வார்த்தை. எல்எம்1875-இன் முதுகுத் தகடு எதிர்ப் பக்க மின்னழுத்தத்தோடு சேர்ந்தது. மின்சாரம் கடத்தாத மைக்கா தாள் போடாமல் முடுக்கியிருந்தால் உங்கள் ஹீட் சிங்க் முழுவதும் −21.6 வோல்ட்டில் இருக்கிறது. ஸ்பீக்கரின் தரை வயர் அதன் மேல் உரசினால் போதும், புகை வரும்.

செப்புத்தடம்:
இதே சாக்கில் ஒன்று. டோன் போர்டுக்கு +12, −12 வோல்ட் ரெகுலேட்டர்களாக 7812, 7912 போட்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். இரண்டையும் ஒரே தகட்டில் முடுக்காதீர்கள். 7812-இன் முதுகு தரை, 7912-இன் முதுகு உள்ளீடு. கால் வரிசையும் வேறு: 7812-இல் உள்ளீடு, தரை, வெளியீடு, 7912-இல் தரை, உள்ளீடு, வெளியீடு. ஒன்றைப் பார்த்து மற்றதைச் சால்டர் செய்பவர்கள் ஏராளம்.

வால்வுக்காலம்:
சூட்டை அவர்கள் பார்த்துக்கொள்ளட்டும். கிழியும் பாஸுக்கு நான் வருகிறேன்.

உங்கள் போர்டில் இருப்பது பீட்டர் பாக்ஸண்டால் 1952-இல் 'வயர்லெஸ் வேர்ல்ட்' இதழில் வெளியிட்ட சுற்றின் வாரிசு. அதற்கு முன்பும் டோன் கன்ட்ரோல்கள் இருந்தன. ஆனால் அவை முதலில் ஒலியை முழுவதுமாகக் குறைத்துவிட்டு, கூட்டும்போது கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக் கொடுப்பவை. பாக்ஸண்டால் அதே வலைப்பின்னலை ஃபீட்பேக் பாதைக்குள், அதாவது வெளியீட்டை உள்ளீட்டுக்குத் திருப்பும் வழிக்குள், கொண்டுபோய் வைத்தார். அதனால் நடுவில் வைத்தால் ஒன்றும் நடக்காது. ஒரு பக்கம் திருப்பினால் எவ்வளவு கூடுமோ, மறுபக்கம் திருப்பினால் அவ்வளவே குறையும். எழுபது ஆண்டு கடந்தும் அசையாமல் நிற்கிறது.

சிக்கல் மதிப்புகளில். பாஸ் பாட் (திருகினால் மதிப்பு மாறும் ரெசிஸ்டர்) 100 கிலோ ஓம், அதன் இரு முனைகளிலும் 10 கிலோ ஓம், 0.047 மைக்ரோ ஃபாரட் என்று தானே உங்கள் போர்டு? எல்லோரும் எல்லோரையும் பார்த்து எழுதும் மதிப்புகள் இவை. முழுதாகத் திருப்பினால் மிகத் தாழ்ந்த அதிர்வெண்ணில் பெருக்கம் (100+10)/10 = 11 மடங்கு. கிட்டத்தட்ட 21 டெசிபல். 50 ஹெர்ட்ஸில் கணக்குப் போட்டால் 16 டெசிபல்.

16 டெசிபல் என்பது வாட் கணக்கில் 40 மடங்கு. உங்கள் ஆம்ப்ளிஃபயர் 8 ஓமில் ஏறத்தாழ 15 வாட் தரும். பாஸை முழுதாகத் திருப்பினால், நடுத்தர ஒலி அரை வாட்டைக்கூட எட்டுவதற்குள் 50 ஹெர்ட்ஸ் 15 வாட்டையும் விழுங்கிவிடும். பிறகு அலையின் தலை வெட்டுப்படும். நீங்கள் கேட்பது அந்த வெட்டு. ஐசி போலியும் இல்லை, ஸ்பீக்கர் கிழியவும் இல்லை.

முனை ரெசிஸ்டர்களை 33 கிலோ ஓம் ஆக்குங்கள். (100+33)/33 = 4 மடங்கு, 12 டெசிபல். இசை கேட்க அதற்கு மேல் யாருக்கும் தேவையில்லை.

பாஸ்பிரியன்:
ஐயா, எனக்குத் தேவை! 12 டெசிபலில் என்ன இருக்கிறது? பெரிய ஸ்பீக்கர் வைக்க இடம் இல்லாதவர்கள்தான் பாஸைத் திருப்புகிறார்கள். சின்ன ஸ்பீக்கருக்கு 20 டெசிபல் வேண்டும். கிழிந்தால் வால்யூமைக் குறைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

வால்வுக்காலம்:
சின்ன ஸ்பீக்கருக்குத்தான் அதைத் தரவே கூடாது. ஒரே அளவு ஒலி வர வேண்டுமானால், அதிர்வெண் பாதியாகக் குறையும்போது கூம்பு நான்கு மடங்கு முன்பின் போக வேண்டும். 80 ஹெர்ட்ஸில் 1 மில்லிமீட்டர் அசையும் கூம்பு 40 ஹெர்ட்ஸில் 4 மில்லிமீட்டர் அசைய வேண்டும். நான்கு அங்குலக் கூம்புக்கு அந்த இடமே இருக்காது. சுருள் காந்தத்தின் இடைவெளியை விட்டு வெளியே போய்விடும். நீங்கள் கூட்டும் 20 டெசிபல் பாஸாக வெளிவருவதில்லை. மற்ற ஒலிகளைக் கலங்கடிக்கும் அசைவாகத்தான் வருகிறது.

வால்யூமைக் குறைத்துக்கொள்ளலாம் என்பது உண்மை. அப்படியானால் 15 வாட் ஆம்ப்ளிஃபயர் எதற்கு?

செப்புத்தடம்:
இருவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் 33 கிலோ ஓம் மட்டும் மாற்றினால் புதுச்சுருள் ஏமாந்துபோவார். ரெசிஸ்டரைக் கூட்டினால் பாஸ் தொடங்கும் இடமும் கீழே இறங்குகிறது. 100 ஹெர்ட்ஸில், பாஸ் முழுதாகத் திருப்பிய நிலையில், பழைய மதிப்புகளோடு 11 டெசிபல். 33 கிலோ ஓமும் அதே 0.047-மாக இருந்தால் 4 டெசிபல்தான். திருப்பினால் ஒன்றுமே நடக்காதது போல இருக்கும். கெபாசிட்டரையும் 0.022 ஆக்கினால் 100 ஹெர்ட்ஸில் 8 டெசிபல், 50 ஹெர்ட்ஸில் பத்தரை. காதுக்குப் பாஸ் என்று படுவதில் பெரும்பகுதி 80-க்கும் 150-க்கும் இடையில்தான் இருக்கிறது. பாஸ்பிரியனுக்கும் இது பிடிக்கும்.

பாஸ்பிரியன்:
0.022 போட்டுப் பார்க்கிறேன். பிடிக்கும் என்று உறுதி தரவில்லை.

ஈயப்புகை:
ஹம்மிங்குக்கு வருவோம். நீங்கள் போட்ட உட்புறப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பிரிட்ஜ் பக்கத்திலிருந்து, அதாவது டிரான்ஸ்ஃபார்மரின் நடு முனையிலிருந்து, இரு கெபாசிட்டர்களின் சந்திப்புக்கு ஒரு கறுப்பு வயர் போகிறது. டோன் போர்டின் தரை வயரை அந்தக் கறுப்பு வயரின் நடுவில் உரித்து ஒட்டியிருக்கிறீர்கள். பவர் ஐசிகளின் தரையோ கெபாசிட்டர் சந்திப்பில் இருக்கிறது. பார்வைக்கு எல்லாம் ஒரே தரை. மின்சாரத்துக்கு அப்படி இல்லை.

கெபாசிட்டர்கள் நாள் முழுக்க நிதானமாக நிரம்புவதில்லை. ஒவ்வொரு அரைச் சுற்றின் உச்சியிலும் நொடியின் ஒரு சிறு துளி மட்டும் பிரிட்ஜ் திறக்கிறது. அந்தத் துளியில் சராசரியைப் போலப் பல மடங்கு மின்னோட்டம் ஒரேயடியாகப் பாய்கிறது. அந்தப் பாய்ச்சலில் இரு பக்கமும் ஒத்துப்போகாத பகுதி போவது உங்கள் கறுப்பு வயர் வழியாக. 1 சதுர மில்லிமீட்டர் செப்புக் கம்பி 10 சென்டிமீட்டர் நீளத்துக்குச் சுமார் 1.7 மில்லி ஓம். 1 ஆம்பியர் பாய்ந்தாலே ஒன்றரை மில்லிவோல்ட்டுக்கு மேல் விழுகிறது. டோன் போர்டின் தரை அந்த வயரின் நடுவில் இருப்பதால் அதில் ஒரு பகுதி பாட்டோடு சேர்ந்து பவர் ஐசிக்குப் போகிறது. ஐசி அதை (20+1)/1 = 21 மடங்காக்கி ஸ்பீக்கருக்குக் கொடுக்கிறது. நொடிக்கு 100 முறை. அதுதான் "ர்ர்ர்". வால்யூமுக்குப் பின்னால் நுழைவதால் வால்யூமைத் திருப்பினால் மாறுவதில்லை.

4700-ஐப் பத்தாயிரமாக்கு என்று யாராவது சொல்வார்கள். கேட்காதீர்கள். கெபாசிட்டர் பெரிதானால் பாய்ச்சல் இன்னும் குறுகி இன்னும் உயரும். இந்த வகை இரைச்சல் கூடக்கூடும்.

செய்ய வேண்டியது: இரு கெபாசிட்டர்களின் சந்திப்பைத் தடித்த, குட்டையான கம்பியால் சேருங்கள். நடு முனை வயர் அங்கே மட்டும் வரட்டும். அந்தச் சந்திப்பிலிருந்து ஒரே ஒரு வயர் இரண்டு அங்குலம் தள்ளி ஒரு தரைப் புள்ளிக்குப் போகட்டும். ஸ்பீக்கர் தரைகள், ஸோபெல் தரைகள், பவர் ஐசிகளின் உள்ளீட்டுத் தரை, டோன் போர்டின் தரை ஆகிய எல்லாம் அந்தப் புள்ளிக்குத் தனித்தனி வயராக வர வேண்டும். உள்ளீட்டு சாக்கெட்டிலிருந்து ஷீல்டு வயர் போட்டு, அதன் ஷீல்டை டோன் போர்டு முனையில் மட்டும் தரையோடு சேருங்கள். பெட்டி மரம் என்பதால் சாக்கெட்டின் தரையும் அந்த ஷீல்டு வழியாகவே வரட்டும், வேறு வழி வேண்டாம்.

தண்டைத் தொட்டால் குறையும் "ம்ம்ம்" தனிக்கதை. மரப் பலகையில் பாட்களின் உலோக உடல்கள் எதோடும் சேராமல் அந்தரத்தில் நிற்கின்றன. மூன்றின் உடலையும் சுரண்டி, ஒரு கம்பியால் கோத்து, அதே தரைப் புள்ளிக்குக் கொண்டுவாருங்கள்.

டிரான்ஸ்ஃபார்மரின் இரும்பு உடலும் உலோகத் தகடு எதுவும் இருந்தால் அதுவும் சுவர் பிளக்கின் எர்த்தோடு நேரடியாகச் சேர வேண்டும். இரைச்சல் குறைகிறது என்று அந்த எர்த்தைக் கழற்றுகிறவர்களை நான் அறிவேன். அதை மட்டும் செய்யாதீர்கள்.

செப்புத்தடம்:
மந்தமான டிரெபிள் மீதி இருக்கிறது. இதற்கு இரண்டு காரணங்கள் சேர்ந்திருக்கலாம்.

ஒன்று, பாட். டோன் கன்ட்ரோல்களுக்கு லீனியர் (திருப்பும் அளவுக்குச் சீராக மாறுவது), வால்யூமுக்கு லாக் (முதலில் மெதுவாகவும் பிறகு வேகமாகவும் மாறுவது). லாக் பாட்டை டிரெபிளில் போட்டால் சமநிலை நடுவில் இருக்காது, ஒரு பக்கம் ஒதுங்கிவிடும். பாட்டின் மேல் இருக்கும் ஏ, பி எழுத்தை நம்ப வேண்டாம். இப்போது பரவலாக ஏ என்றால் லாக், பி என்றால் லீனியர், பழைய சில பாட்களில் நேர்மாறு. நடுவில் நிறுத்தி, நடுக் காலுக்கும் ஓரக் காலுக்கும் இடையே அளந்து பாருங்கள். இரு பக்கமும் ஏறத்தாழ 50 என்றால் லீனியர். ஒரு பக்கம் 10, 15 என்றால் லாக்.

இரண்டு, வால்யூம் இருக்கும் இடம். பாக்ஸண்டால் சுற்றுக்கு முன்னால் இருப்பது குறைந்த தடையுள்ள மூலமாக இருக்க வேண்டும். 100 கிலோ ஓம் பாட்டின் நடுக் கால், மின்னழுத்தம் பாதியாகும் இடத்தில், 25 கிலோ ஓம் தடையோடு நிற்கிறது. உங்கள் 10 கிலோ ஓம் ரெசிஸ்டர்களுக்கு முன்னால் 25 கிலோ ஓமைத் தொடராகக் கோத்தது போலத்தான். அதிர்வெண் ஏற ஏற வலைப்பின்னல் அதிகமாக இழுக்கும், டிரெபிள் சரியும். அதுவும் வால்யூமைத் திருப்பத் திருப்ப வேறு வேறு அளவில். இடையில் ஒரு பஃபர் வேண்டும், சிக்னலைப் பெருக்காமல் குறைந்த தடையோடு அப்படியே கடத்தும் சுற்று.

புதுச்சுருள்:
டிரெபிள் பாட் 12, 88 காட்டுகிறது. பாஸ் பாட் லீனியர்தான். பஃபருக்கு இன்னொரு ஐசி வேண்டுமா? வால்யூமை டோனுக்குப் பின்னால் தள்ளிவிட்டால் பஃபரே தேவைப்படாது அல்லவா?

செப்புத்தடம்:
போர்டில் டிஎல்072 எத்தனை?

புதுச்சுருள்:
இரண்டு. ஒவ்வொன்றிலும் 5, 6, 7 கால்கள் சும்மா இருக்கின்றன.

செப்புத்தடம்:
அப்படியானால் பஃபர் ஏற்கெனவே உங்களிடம் இருக்கிறது. ஒரு டிஎல்072-க்குள் இரண்டு ஆப் ஆம்ப். 6-ஐயும் 7-ஐயும் சேர்த்துவிடுங்கள், வால்யூமின் நடுக் காலை 5-க்குக் கொடுங்கள், 7-லிருந்து டோனுக்கு எடுங்கள்.

வால்யூமைப் பின்னால் தள்ளுவதற்கு ஒரு நல்ல காரணம் உண்டு: டோன் சுற்றின் "ஸ்ஸ்" இரைச்சலும் வால்யூமோடு சேர்ந்து குறையும். ஆனால் வரும் சிக்னல் முழுதாக டோனுக்குள் நுழையும். 2 வோல்ட் தரும் சிடி பிளேயர் வைத்து, பாஸை 12 டெசிபல் கூட்டினால் 8 வோல்ட் ஆர்எம்எஸ். ±12 வோல்ட்டில் ஓடும் டிஎல்072 ஏழரை வோல்ட்டுக்குள் முட்டிவிடும். வால்யூமை எவ்வளவு குறைத்தாலும் கிழிசல் போகாது. ±15-க்கு மாறலாம் என்றால், சத்தம் கூடும்போது உங்கள் 21 வோல்ட் 18-ஐ நெருங்கும், 15 வோல்ட் ரெகுலேட்டரான 7815-க்கு மூச்சு முட்டும். பவர் ஐசிக்கோ அரை வோல்ட் உள்ளீடே முழு ஒலிக்குப் போதும். அதனால் உங்கள் பெட்டிக்கு வால்யூம் முன்னாலேயே இருக்கட்டும்.

பாஸ்பிரியன்:
டிஎல்072-க்குப் பதில் என்இ5532 ஆப் ஆம்ப் போட்டால் "ஸ்ஸ்" குறையுமே?

செப்புத்தடம்:
குறையும். 18 நானோவோல்ட்டுக்கு 5 நானோவோல்ட், ரூட் ஹெர்ட்ஸ் கணக்கில். ஆனால் 5532-இன் உள்ளீட்டுக் கால் 200 நானோ ஆம்பியர் அளவில் இழுக்கும். 100 கிலோ ஓம் பாட்டில் அது 20 மில்லிவோல்ட் டிசி. பாட்டைத் திருப்பும்போதெல்லாம் கரகரக்கும். பாட்களை 10 கிலோ ஓம் ஆக்கி, கெபாசிட்டர்களைப் பத்து மடங்காக்கினால் 5532-க்குப் பொருத்தம். இந்தப் போர்டுக்கு வேண்டாம்.

புதுச்சுருள்:
எல்லாவற்றையும் செய்துவிட்டேன். முதலில் மின்சார வழியில் தொடராக ஒரு பல்பு வைத்து (எங்காவது ஷார்ட் இருந்தால் அது எரிந்துகொண்டே இருக்கும்) மின்சாரம் கொடுத்தேன். பல்பு ஒரு நொடி ஒளிர்ந்து அணைந்தது. வலது ஐசி இப்போது 71 மில்லி ஆம்பியர், டிசி 11 மில்லிவோல்ட். கையை வைத்துக்கொண்டே இருக்க முடிகிறது. தரை வயர்களை மாற்றியதும் "ர்ர்ர்" போய்விட்டது. ட்வீட்டரில் காதை ஒட்டினால் மெல்லிய "ஸ்ஸ்" மட்டும். பாஸுக்கு 33 கிலோ ஓம், 0.022. டிரெபிளுக்கு லீனியர் பாட். நடுவில் வைத்தால் டோன் போர்டைத் தாண்டி நேராக இணைத்தது போலவே கேட்கிறது. ஒரு சுவிட்ச் வைத்து மாற்றி மாற்றிக் கேட்டேன்.

ஒரே குறை. பாஸ் பாட்டைத் திருப்பும்போது இலேசான கரகரப்பு. பாட் புதியது.

செப்புத்தடம்:
பஃபரின் 7-ஆம் காலுக்கும் டோனுக்கும் இடையே கெபாசிட்டர் போட்டீர்களா?

புதுச்சுருள்:
இல்லை, நேரடி வயர்.

செப்புத்தடம்:
பஃபரின் சில மில்லிவோல்ட் ஆஃப்செட், அதாவது சும்மா இருக்கும்போதும் வெளியீட்டில் நிற்கும் டிசி, பாஸ் பாட் வழியாக ஓடுகிறது. 10 மைக்ரோ ஃபாரட் ஒன்றை இடையில் போடுங்கள். டிஎல்072-இன் கால் ஏறக்குறைய எதையும் இழுக்காது என்பதால், அதன் பிறகு பாட்டில் டிசி ஓட வழியில்லை. துருவமில்லாத வகை கிடைத்தால் நல்லது. இல்லையென்றால் இரண்டு 22 மைக்ரோ ஃபாரடை, இரண்டின் மைனஸ் முனைகளும் ஒன்றோடொன்று சேர, முதுகோடு முதுகாகக் கோத்துவிடுங்கள்.

வால்வுக்காலம்:
போட்டதும் பாஸ் பாட்டின் இரு ஓரக் கால்களுக்கு இடையே டிசி அளந்து எழுதுங்கள். பூஜ்யத்தை ஒட்டி இருக்க வேண்டும்.

பாஸ்பிரியன்:
என் பெட்டியில் 0.022 போட்டுக் கேட்டேன். 33 கிலோ ஓமுக்குப் பதில் 22 வைத்திருக்கிறேன், 15 டெசிபல் வருகிறது. ஐயாவிடம் சொல்ல வேண்டாம்.

வால்வுக்காலம்:
படித்துவிட்டேன்.

புதுச்சுருள்:
கெபாசிட்டர் போட்டாயிற்று. 0.3 மில்லிவோல்ட். கரகரப்பு இல்லை.